பனிக்கட்டி ஒத்திகைக்கு வரவில்லை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அத்தை சௌக்கியம். என் உடம்பும் சௌக்கியம்தான். மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் சௌக்கியம் என்பது எனக்குத் தெரியும். இன்று காலை பால் வாங்கப் போனபோது மூன்று பேரையும் வாசலில் பார்த்தேன். நீங்கள் கையசைத்தீர்கள், நானும் அசைத்தேன்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிறவருக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதுவானேன் என்று நீங்கள் நினைக்கலாம். "மாப்பிள்ளைகிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை வாயைத் திறந்தீங்க, அப்புறம் நான் பொல்லாதவளா ஆயிடுவேன்" என்று உங்கள் அத்தை சொல்லியிருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. உத்தரவு என்று ஒன்று வந்துவிட்டால் அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுவது என் பழக்கம். அந்தப் பழக்கத்தால்தான் இந்தக் கடிதமே எழுத வேண்டி வந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். போன விடுமுறையில் எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்குத் தாங்கள் நடத்திய பயிற்சி வகுப்பைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமனார் பெஞ்சிலும் மாப்பிள்ளை மேடையிலும் இருப்பது எல்லாக் குடும்பத்திலும் நடக்கக் கூடியதே. எங்களையெல்லாம் வட்டமாக நிற்க வைத்து, பந்து யார் கைக்கு வருகிறதோ அவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றீர்கள். "மாமா, பிடிங்க!" என்று தாங்கள் எறிந்த பந்து என் மூக்குக்கண்ணாடியில் பட்டதை நான் இதுவரை வீட்டில் சொல்லவில்லை, கதவில் இடித்துக்கொண்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். கடைசி நாளில் தாங்கள் எழுதிய கையேட்டை ஆளுக்கொன்று கொடுத்தீர்கள். மாணவரை மையமாக வைத்துக் கற்பிக்கும் முறை பற்றிய கையேடு. மிகச் சிறப்பானது. அட்டை கெட்டியாக இருக்கிறது. மற்ற ஆசிரியர்கள் அதை விசிறியாகப் பயன்படுத்தினார்கள். நான் ஒருவன்தான் படித்துத் தொலைத்தேன். அதில் தடித்த எழுத்தில், "ஆசிரியர் விடையைச் சொல்லக் கூடாது. மாணவர் கேட்டால், 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஆசிரியர் வகுப்பின் மையத்தில் நிற்காமல் ஓரமாக நின்று வழிகாட்ட வேண்டும்" என்று இருந்தது.

பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்பில் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டேன். பாதிப் பிள்ளைகளுக்கு முதுகு கரும்பலகைப் பக்கம், மீதிப் பேருக்கு முகம் வெயில் பக்கம். நான் ஓரமாக, குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் நின்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்த தலைமையாசிரியை அம்மா உள்ளே வந்து, "என்ன சார், உங்களை யாரு மூலையில நிக்க வச்சது?" என்றார். மாப்பிள்ளைதான் என்று சொல்லவில்லை. உங்கள் பெயரை எங்கும் நான் கெடுப்பதில்லை. இரண்டாவது நாள், முன் பெஞ்சுப் பையன் எழுந்து, "சார், வாந்தி வர மாதிரி இருக்கு சார்" என்றான். கையேடு கண் முன் வந்தது. "ஏன் வருதுன்னு நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டேன். விடை உடனே வந்தது. என் செருப்பு அதற்குப் பிறகு பழையபடி இல்லை. அடுத்த வாரம் ஒரு பெண்பிள்ளையின் அப்பா, தையல்கடை வைத்திருப்பவர், கையில் அளவு நாடாவோடு நேராக ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டார். "ஏன் சார், வீட்டுல எதைக் கேட்டாலும் 'நீங்க என்ன நினைக்கிறீங்கப்பா'ன்னு எதிர்க்கேள்வி கேக்குதே, இதான் நீங்க சொல்லிக்குடுக்கற லட்சணமா?" என்று கத்தினார். எனக்கு வாய் வரைக்கும் அந்தக் கேள்விதான் வந்து நின்றது, விழுங்கிவிட்டேன். வீட்டில் விழுங்க முடியவில்லை. "சாப்பிட வரீங்களா?" என்று உங்கள் அத்தை கேட்க, பழக்க தோஷம், "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டுவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், மாப்பிள்ளை. காரணம் உங்களுக்கே தெரியும். இந்தத் திட்டத்துக்காகத்தான் உங்களை இந்த ஊருக்குப் போட்டிருக்கிறார்கள். திட்டம் அடுத்த வருஷமும் தொடர்ந்தால் நீங்கள் இங்கே. நின்றுபோனால் பழைய வேலைக்கு, ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரத்துக்குப் போக வேண்டும். கூடவே என் மகள். கூடவே பேத்தி. அவள் இப்போதுதான் எங்கள் வீட்டு மாடிப்படியில் தானாக ஏறக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஏறிவிடுகிறாள், இறங்கத்தான் தெரியவில்லை. மேல்படியில் உட்கார்ந்துகொண்டு "தாத்தா" என்று கூப்பிடுகிறாள். அவளைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

அதனால்தான், தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் வருகிறார், எங்கள் எட்டாம் வகுப்பைப் பார்த்துவிட்டுத்தான் திட்டத்தைப் பற்றி முடிவு செய்யப் போகிறார் என்று சுற்றறிக்கை வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தலைமையாசிரியை அம்மா உடனே கூட்டம் போட்டார். "பிள்ளைங்க தானா கேள்வி கேக்கணும், தானா கண்டுபிடிக்கணும். அதானே? அப்ப நல்லா ஒத்திகை பார்த்துடணும்" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. ஆண்டு விழா நாடகம் போடுகிற மொழி ஆசிரியரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் ஒரே மூச்சில் எழுதிக் கொண்டுவந்தார். தலைப்பு, 'கண்டறிதல்: ஓரங்க நாடகம்'. ஒரு டம்ளரில் சாதாத் தண்ணீர், ஒரு டம்ளரில் உப்புத் தண்ணீர், இரண்டிலும் ஒவ்வொரு பனிக்கட்டி. எது முதலில் உருகும்? ஒருத்தன் தானாகக் கேள்வி கேட்க வேண்டும். ஒருத்தி தானாகத் தப்பாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பையன், பிள்ளைகள் எல்லோரும் 'மனப்பாடம்' என்று கூப்பிடுகிறவன், கடைசியில் எழுந்து, உப்பு நீரில்தான் முதலில் உருகியது என்று தானாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

தப்பாகச் சொல்ல ஆள் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "எங்க அம்மா திட்டுவாங்க சார், நான் சரியான விடைதான் சொல்வேன்" என்று ஒவ்வொருவரும் பின்வாங்கினார்கள். கடைசியில், எப்போதும் வாயைப் பிளந்துகொண்டே இருப்பதால் 'கொட்டாவி' என்று பேர் வாங்கிய பெண்ணை, "உனக்கென்னம்மா, நீ எப்பவும் சொல்றதுதானே" என்று சமாதானப்படுத்திச் சம்மதிக்க வைத்தோம். தினமும் மதியம் ஒத்திகை நடந்தது. பிள்ளைகள் பாவம், எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார்கள். கேள்வி கேட்கிற பையன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "வியப்புடன், ஐயா, இவற்றுள் எது முதலில் உருகும், என்று தலையைச் சொறிகிறான்" என்றான். அடைப்புக்குறிக்குள் இருப்பதைச் சொல்லக் கூடாது, செய்ய வேண்டும் என்று மொழி ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். மறுநாள் அவன் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் சொறிந்தான்.

இதில் ஒரே ஒரு சின்னக் குறை. எங்கள் பள்ளியில் பனிக்கட்டி கிடையாது. லேபில் இருக்கிற குளிர்ப்பெட்டியில் விளையாட்டு ஆசிரியர் பந்துகளைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார். ஆகவே ஒத்திகைகளில் பனிக்கட்டிக்குப் பதிலாகச் சாக்பீஸ் துண்டுகளைப் போட்டோம். 'உருகுகிறது' என்றதும் மொழி ஆசிரியர் அதைக் கரண்டியால் வெளியே எடுத்துவிடுவார். உப்பு பட்டால் ஐஸ் சீக்கிரம் உருகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நாங்கள் யாரும் அதைச் செய்து பார்க்கவில்லை. எனக்கும் அதில் கடுகளவு சந்தேகம் இருக்கவில்லை.

இயக்குநர் வந்தார். நல்ல ஆகிருதி. பிள்ளைகள் உட்காருகிற நாற்காலியில் பாதியாக உட்கார்ந்தார். நீங்களும் பின்னால் நின்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு உதறல் எடுக்கும் என்று நான் பார்க்கவே இல்லை. ஜூஸ் கடையிலிருந்து வாங்கி வந்த ஐஸை இரண்டு டம்ளரிலும் போட்டேன். முதல் பையன் வியந்தான், தலையைச் சொறிந்தான், கேட்டான். கொட்டாவி எழுந்து, "சாதா நீரில்தான் முதலில் உருகும் என்று நான் கருதுகிறேன் ஐயா" என்று அழகாகத் தப்பாகச் சொன்னாள். இயக்குநர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நான் ஓரமாகக் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். மனப்பாடம் எழுந்தான். கணீரென்று ஆரம்பித்தான். "ஐயா, நான் உற்றுநோக்கியதிலிருந்து, உப்பு நீரில் இட்ட பனிக்கட்டி முதலில்..."

நின்றுவிட்டான். இத்தனை வருஷத்தில் அந்தப் பையன் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. டம்ளரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி டம்ளரைப் பார்த்தான். சாதாத் தண்ணீரில் ஐஸ் போன இடம் தெரியவில்லை. உப்புத் தண்ணீரில் அது குத்துக்கல்லாட்டம் மிதந்துகொண்டிருந்தது. கதவுக்கு வெளியே ஒளிந்திருந்த மொழி ஆசிரியர், "உருகியது... உருகியது..." என்று எடுத்துக் கொடுத்தார். அது உள்ளே எல்லோருக்கும் கேட்டது. மனப்பாடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "உருகலயே சார்" என்றான். "என்னைச் சொல்லச் சொன்னா எப்படி சார் சொல்றது? அது அங்கேயேதானே சார் இருக்கு!"

தலைமையாசிரியை அம்மா முகத்தில் ஈயாடவில்லை. கொட்டாவி மெதுவாக எழுந்து, "அப்ப நான் சொன்னதுதான் சரியா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் மாப்பிள்ளை, வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. "அந்த ஐஸ் பெருசுடா!" "இல்லடா, ரெண்டும் ஒண்ணுதான், நான் பார்த்தேன்!" "சார் டம்ளரை மாத்தி வச்சுட்டாரு!" என்னைத்தான் சொன்னார்கள். இயக்குநர் எழுந்து வந்து, ஒரு டம்ளரில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, "உப்புத்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். "இன்னொரு தடவை போடுங்க சார்" என்று பின் வரிசை கத்தியது. நான் போடுவதற்கு முன் அவர்களே போட்டார்கள். மறுபடியும் அதேதான். எழுதிக் கொடுத்த வசனம் ஒன்றுகூட யாருக்கும் நினைவில்லை. மேஜையில் ஏறி நின்று பார்த்தவனை இறங்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அப்போது இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "சரி சார், நீங்க சொல்லுங்க. ஏன் இப்படி ஆச்சு?" என்றார். வகுப்பு சட்டென்று அடங்கியது. அத்தனை கண்ணும் என் மேல். எனக்குத் தெரியவில்லை, மாப்பிள்ளை. சத்தியமாகத் தெரியவில்லை. அந்த நேரத்தில் தங்கள் கையேடுதான் கைகொடுத்தது. ஓரமாக நின்றபடியே, "ஐயா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் "வந்து... உப்பு வந்து..." என்று ஆரம்பித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சொல்லுங்க சார், சொல்லுங்க!" என்று பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களை விலக்கி அவரை வெளியே கொண்டுவர விளையாட்டு ஆசிரியர் விசில் ஊத வேண்டியிருந்தது.

வண்டியில் ஏறும்போது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் ஒரு நாள் பார்த்ததை வச்சு முடிவு பண்றது நியாயமில்ல. தினமும் வகுப்புல நிக்கறது நீங்கதான். இந்த முறை தொடரலாமா, வேண்டாமான்னு உங்க கருத்தை எழுத்துல குடுங்க. அதை வச்சுத்தான் முடிவு" என்றார். நான் உங்கள் மாமனார் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு இந்தத் தலைவலி வந்திருக்காது.

ஆகவே மாப்பிள்ளை, இதை நீங்கள் என்னிடமிருந்துதான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கருத்துரையை எழுதிவிட்டேன். இந்தக் கற்பித்தல் முறை நமக்கு ஒத்து வராது, கைவிடலாம் என்று எழுதியிருக்கிறேன். நாளை காலை அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் வகுப்பில் ஒரு கேள்வி விடையில்லாமல் மணி அடித்ததில்லை. அன்று அடித்தது. அந்த மணி இன்னும் என் காதில் அடித்துக்கொண்டிருக்கிறது. பாடப்புத்தகத்தைப் புரட்டினேன், அதில் இல்லை. மேல்வகுப்புக்கு வேதியியல் எடுப்பவரைக் கேட்டேன், "அது அப்படித்தான் சார்" என்றார். தெருவில் போனால் மனப்பாடம் எதிரே வருகிறான், "சார், தெரிஞ்சுதா சார்?" என்கிறான். நான் சந்துக்குள் புகுந்துவிடுகிறேன். என் மாணவனைப் பார்த்து நான் சந்துக்குள் புகுவதா? பிள்ளைகள் முன் முழித்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. நன்றாக இருக்கிறது என்று பொய் எழுதவும் கை வரவில்லை. நேற்று மகள் வந்து, "அப்பா, நாலு வரி நல்லதா எழுதினா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டாள். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். உங்கள் அத்தை அப்போதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமா என்றுகூடக் கேட்பதில்லை. உங்கள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறவன் நானாகவா இருக்க வேண்டும்! மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த ஊருக்குப் போகும்போது பேத்தியை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போக முடியுமா என்று கேட்பது முறையல்ல. ஆகையால் கேட்கவில்லை.

தாங்கள் எந்த ஊரில் இருந்தாலும் நல்ல பேரும் உயர்ந்த பதவியும் பெற்று, என் மகளைக் கண் கலங்காமல் வைத்துக்கொண்டு, மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். பேத்திக்கு என் முத்தங்கள். தங்கள் பெற்றோருக்கு எழுதும்போது சம்பந்தியின் அன்பையும் ஒரு வரி சேர்க்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மீது எந்த வருத்தமும் இல்லாத மாமனார்.

பி.கு.: மேலே எழுதியிருப்பதைப் படிக்காமல் நேராக இங்கே வரவும். நல்ல கையெழுத்தில் இத்தனை பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசு வராததால் அனுப்புகிறேன்.

இன்று காலை கருத்துரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போனேன். பெஞ்சுகளை நேராகப் போடச் சொல்லிவிட்டு, அடுத்த பாடத்தை ஆரம்பித்து, மணி அடித்ததும் அலுவலகத்தில் கொடுப்பதாகத் திட்டம். வாசலில் போய் நின்றேன். யாரும் எழுந்து நிற்கவில்லை. யாரும் என்னைப் பார்க்கவே இல்லை. கனைத்தேன், அப்படியும் இல்லை. எல்லோரும் மேஜையைச் சுற்றிக் கவிழ்ந்து கிடந்தார்கள். கொட்டாவி வீட்டிலிருந்து நீல மை கலந்து உறைய வைத்த ஐஸ் கொண்டுவந்திருந்தாள். சாதாத் தண்ணீரில் அந்த நீலம் உருகி உருகி இழை இழையாகக் கீழே இறங்கியது. உப்புத் தண்ணீரில் இறங்கவே இல்லை. ஐஸைச் சுற்றி மேலேயே நின்றது. "பாருடா, உருகின தண்ணி இங்க கீழ போயிடுது, ஐஸுக்குப் புதுத் தண்ணி கிடைக்குது. உப்புத் தண்ணி கனம், இதைக் கீழ விட மாட்டேங்குது. அதான் குளிர்ந்த தண்ணியையே போத்திக்கிட்டு உக்காந்திருக்கு" என்றாள் கொட்டாவி. மனப்பாடம், "அப்ப சர்க்கரைத் தண்ணில போட்டா?" என்று கேட்டான். அதை அவனுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நான் சத்தம் போடாமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, எட்டி எட்டிப் பார்த்தேன். முன்னால் இருந்தவன் தலை மறைத்தது. "தம்பி, கொஞ்சம் நகருப்பா" என்றேன். அவன் திரும்பிப் பார்க்காமலே, "சும்மா இரு, தெரியல" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்த்தேன், மாப்பிள்ளை.

கருத்துரையைக் கொடுத்துவிட்டேன். பழையதை அல்ல. அலுவலகத்திலேயே ஒரு தாள் வாங்கி, இந்த முறை தொடர வேண்டும், அறிவியலுக்கு இரண்டு பீரியட் சேர்த்துக் கொடுக்க வேண்டும், விளையாட்டு ஆசிரியர் குளிர்ப்பெட்டியைக் காலி செய்ய வேண்டும் என்று மூன்றே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மகள் பரணிலிருந்து பெட்டிகளை இறக்கி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். இன்றைக்கே திரும்ப ஏற்றிவிடுங்கள். ஏற்ற ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.